ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாயில் பினாங்கு முதல் பாங்காக் வரை: வீரமா, வீம்பா?

ஊர்க்குருவி:
விமான டிக்கெட் நீங்கலாக 18 நாளுக்கு மொத்தச் செலவு 17,600 ரூபாய். திருச்சியில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் பினாங்கு, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார். ஒரே ஸ்டேஷனில் மலேசிய முத்திரையும் தாய்லாந்து முத்திரையும் குத்திவிடுகிறார்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்கு 50 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தேன். ஹாட்யாயிலிருந்து பாங்காக் வரை மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே ஒரு ராத்திரி. அறை வாடகை மிச்சம். நான் போனபோது இரண்டு நாட்டுக்கும் நமக்கு விசாக் கட்டணம் கிடையாது. வெளிநாடு என்றால் லட்சம் வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கணக்கப்பிள்ளை:
தம்பி, கணக்கு இடிக்கிறதே. டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில், ஒரு படுக்கைக்கே 250 பாட் என்றால் அறுநூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். மீதியில் மூன்று வேளைச் சாப்பாடு, தண்ணீர், பஸ், சிம் கார்டா? அப்புறம் இன்னொன்று. விசா இல்லாமல் வருகிறவரிடம் தாய்லாந்து அதிகாரி ஆளுக்கு 20,000 பாட் கையில் இருக்கிறதா என்று கேட்கலாம். உங்களைக் கேட்டார்களா, இல்லையா?

ஊர்க்குருவி:
கேட்டார்கள் சார். காட்டினேன். மச்சானிடம் கைமாற்றாக வாங்கிப் போயிருந்தேன். இடுப்புப் பையில் கட்டியபடியே கொண்டுபோய், கட்டுப் பிரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாப்பாடு இரண்டு வேளைதான். பினாங்கில் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு ஒரு தட்டு அடித்தால் ராத்திரி வரை பசிக்காது.

கணக்கப்பிள்ளை:
அப்படிச் சொல்லுங்கள்! ஐம்பதாயிரத்துக்கு மேல் இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர், 17,600-இல் போய்வந்தேன் என்று தலைப்புப் போடக் கூடாது. செலவழிக்கவில்லை என்பது வேறு, இல்லாமல் போனேன் என்பது வேறு. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நிஜமாகவே பதினெட்டாயிரத்தோடு ஒரு பையன் கிளம்பினால் என்ன ஆகும்? வெள்ளைக்காரன் கிழிந்த டவுசரோடு வந்து நின்றால் பயணி. நம் பையன் ஒற்றைப் பையோடு, ஓட்டல் பதிவு இல்லாமல், சில்லறைக் காசோடு நின்றால் வேலை தேடி வந்தவன். தனி அறையில் உட்காரவைத்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

மதுரைக்காரி:
இரண்டு பேரும் ஆண்களின் கணக்கையே போடுகிறீர்கள். இதே வழியில் நானும் தனியாகப் போயிருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ராத்திரி முழுக்கப் பையைக் கட்டிப்பிடித்து உட்கார எனக்கு ஆகாது. படுக்கை வசதிதான் எடுத்தேன். பெண்கள் மட்டும் தங்கும் டார்ம், இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரும்படி வண்டி. இதற்கே நாளுக்கு நானூறு, ஐந்நூறு கூடியது. அது ஆடம்பரம் இல்லை. ஆனால் கணக்கப்பிள்ளை சார் சொல்கிற மாதிரி வீட்டோடு இருங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

கணக்கப்பிள்ளை:
வீட்டோடு இருங்கள் என்று நான் எங்கேயம்மா சொன்னேன்? முழுக் கணக்கைச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன்.

பினாங்குவாசி:
நான் இருப்பது பினாங்கின் ஜார்ஜ் டவுனில். நாசி கண்டார் பேச்சு வந்ததால் ஒரு துணுக்கு: தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி தோளில் கம்பு வைத்துச் சோறு சுமந்து விற்ற காலத்துப் பெயர் அது. கறியை எடுக்க எடுக்க விலை ஏறும். குருவி தம்பி குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, என் வருத்தத்துக்கு வருகிறேன். போன வருஷம் இரண்டு பையன்கள் கோயில் வாசலில் பழக்கமாகி, "ஒரு ராத்திரி மட்டும் அண்ணே" என்று வந்து ஐந்து நாள் தங்கினார்கள். நல்ல பிள்ளைகள்தான். போன பிறகு பார்த்தால் வீடியோவில் "பினாங்கில் தங்கும் செலவு பூஜ்யம்" என்று போட்டிருக்கிறார்கள். பூஜ்யமா? என் மனைவி ஐந்து நாளும் இரண்டு வேளை சமைத்தாள்.

ஊர்க்குருவி:
அண்ணே, குழம்பு மட்டும்தான். பிடித்துவிட்டீர்கள்! ஆனால் நான் யார் வீட்டிலும் தங்கவில்லை. பாங்காக்கில் பாஹுரத் பகுதியில் இருக்கும் சீக்கியர்களின் குருத்துவாராவில் ஒரு நாள் லங்கரில், அதாவது இலவசப் பொதுப் பந்தியில், சாப்பிட்டேன். பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு விடுதியில் தினம் நாலு மணி நேரம் வேலை பார்த்தால் படுக்கை இலவசம் என்றார்கள், அதற்கும் போகவில்லை. சுற்றுலாவாக வந்தவர் அங்கே ஒர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்ப்பது குற்றம். பலர் பெருமையாக எழுதுகிறார்கள், இதைச் சொல்வதில்லை.

மதுரைக்காரி:
பயணக் காப்பீடு எடுத்தீர்களா?

ஊர்க்குருவி:
இல்லை. அந்தக் காசை மிச்சம் பிடித்தேன்.

மதுரைக்காரி:
இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்கூட்டர்?

ஊர்க்குருவி:
ஹாட்யாயில் ஒரு நாள் எடுத்தேன். மழையில் சறுக்கி முழங்கால் தேய்ந்தது. மருந்துக் கடையில் மஞ்சள் மருந்தும் பஞ்சும் வாங்கி நானே கட்டிக்கொண்டேன். அந்த 180 பாட்டையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

மதுரைக்காரி:
முழங்கால் தேய்ந்ததால் 180. எலும்பு முறிந்திருந்தால் மச்சானின் ஐம்பதாயிரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்ந்திருக்கும். இங்கே ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியாவது வாங்கியிருந்தீர்களா? அது இல்லாமல் ஓட்டினால் காப்பீடு இருந்தும் பெரும்பாலும் தர மாட்டார்கள். வியட்நாமில் இன்னும் மோசம். நம் அனுமதி 1949 சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது, அவர்கள் ஏற்பது 1968 ஒப்பந்தத்தை. வாங்கிக்கொண்டு போனாலும் அங்கே செல்லாது.

ஊர்க்குருவி:
வாங்கவில்லை அக்கா. சரி, தலைப்பில் "காட்டுவதற்குத் தனியாக 20,000 பாட்" என்று சேர்த்துவிடுகிறேன். காப்பீட்டையும் எழுதுகிறேன். ஆனால் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் மூன்றாம் வகுப்பையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விடியற்காலையில் ஜன்னல் ஓரம் ஒரு பாட்டி வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலேயே பாதியை என் கையில் வைத்தார். ஏசிப் பெட்டியில் போயிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

பினாங்குவாசி:
அது செலவு பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள், தம்பி.

கணக்கப்பிள்ளை:
இருக்கட்டும். அந்த ஹாட்யாய் வண்டியில் படுக்கை வசதி என்றால் கீழ் பெர்த் கேட்டு வாங்க முடியுமா? வீட்டம்மாவுக்கு மேலே ஏற முடியாது.

ஊர்க்குருவி:
முடியும் சார். கீழே அகலம் அதிகம், விலையும் கொஞ்சம் அதிகம். எப்போது கிளம்புகிறீர்கள்?