ரெண்டு மாடி ஆபீஸுக்கு வைஃபை: கேமிங் ரூட்டரா, மெஷ்ஷா, சீலிங் ஆக்சஸ் பாயிண்டா?

பனியன்ஊர்:
வணக்கம்ங்க. திருப்பூர்ல சின்னதா ஒரு பையிங் ஆபீஸ் நடத்துறோம். கீழ சாம்பிள் ரூம், ரிசப்ஷன். மேல மெர்ச்சண்டைசர்ஸ் ஹால், அக்கவுண்ட்ஸ், மீட்டிங் ரூம். மொத்தம் 22 பேரு, ஆளுக்கு ஒரு லேப்டாப் ஒரு போன், அதுபோக பார்கோடு பிரிண்டர் ரெண்டு, சிசிடிவி, டேலி ஓடுற சிஸ்டம். நெட்டு 200 எம்பிபிஎஸ் ஃபைபர், அவங்க குடுத்த ரூட்டரே ரிசப்ஷன்ல மாட்டியிருக்கு. மேல மீட்டிங் ரூம்ல பையர்கூட வீடியோ கால் போனா, துணியோட தையலை கேமரா கிட்ட கொண்டுபோய் காட்டுறப்ப பார்த்து படம் அப்படியே நின்னுபோகுது, அவங்க அங்கிருந்து ஹலோ ஹலோங்கறாங்க, ஆர்டர் பேசுற நேரத்துல இது ரொம்ப சங்கடமா இருக்குங்க. ரிப்பீட்டர் ஒண்ணு போட்டோம், டவர் ஃபுல்லா காட்டுது ஆனா ஸ்பீடு இல்ல. கடையில கேட்டா 8 ஆண்டெனா வச்ச கேமிங் ரூட்டர் எடுங்க எல்லாம் சரியாயிடும்ங்கறாங்க. 50 ஆயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம். எதை எடுக்கறது?

கேபிள்காரன்_கோவை:
கேமிங் ரூட்டர் வேண்டாம்ங்க, அந்தக் காசு வீண். ரூட்டர் எவ்வளவு சத்தமா கத்தினாலும் போனும் லேப்டாப்பும் திருப்பி பதில் சொல்லணுமில்ல, அதுகளோட குரல் சின்னது, கான்கிரீட் தளத்தைத் தாண்டி கீழ வந்து சேராது. ரிப்பீட்டர் கதையும் அதேதான். டவர் காட்டுறது உங்க போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவுல உள்ள சிக்னல், ரிப்பீட்டருக்கு ரூட்டர்ல இருந்து என்ன வருதுங்கறது அதுல தெரியாது. ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திருப்பி அனுப்புறதால ஸ்பீடும் பாதியாயிடும்.

உங்களுக்கு சீலிங் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கூரையில மாட்டி வைஃபையை மட்டும் பரப்புற டப்பா, மூணு போதும். மேல ஹால்ல ஒண்ணு, மீட்டிங் ரூம்ல இல்லாட்டி அது வாசலுக்கு நேரா ஒண்ணு, கீழ ஒண்ணு. மூணுக்கும் தனித்தனியா கேட்6 நெட் கேபிள் ஒரு பிஓஇ சுவிட்ச்சுக்கு வரணும். கரண்டும் அதே கேபிள்ல போயிடும், அடாப்டர் வேண்டியதில்ல. சுவிட்ச்சையும் ரூட்டரையும் ஃபைபர் டப்பாவையும் ஒரே யூபிஎஸ்ல போட்டுட்டா கரண்ட் போனாலும் கால் கட் ஆகாது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா பாருங்க. கேபிள் வாங்குறப்ப முழு காப்பரான்னு கேளுங்க. மார்க்கெட்ல அலுமினியத்து மேல காப்பர் பூசுனது நிறைய ஓடுது, விலை கம்மி, பிஓஇ போட்டா சூடாகும், தூரம் போகப்போக வோல்டேஜ் இறங்கும். ஒரு கம்பியை பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம், திருப்பிக் குடுத்துருங்க. ஆக்சஸ் பாயிண்டை அஞ்சு வருஷத்துல மாத்துவீங்க, சுவத்துக்குள்ள போன கேபிளை மாத்தவே மாட்டீங்க.

தாம்பரம்_ஐடி:
வாடகைக் கட்டடம்னா ஓனர் ஓட்டை போட விடுவாரான்னு மொதல்ல கேளுங்க ப்ரோ. விடலன்னா மெஷ்தான் வழி, அதாவது கேபிள் இல்லாம வைஃபைலயே ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற பெட்டிங்க, ஆனா ட்ரை பேண்ட் பார்த்து எடுங்க, பெட்டிகளுக்குள்ள பேசிக்கறதுக்குன்னே தனி ரேடியோ இருக்கும். அந்தத் தனி ரேடியோ இல்லாத டூயல் பேண்ட் மெஷ் எடுத்தா உங்க ரிப்பீட்டர் பிரச்சனையேதான் வேற டப்பால வரும்.

கேபிள்காரன்_கோவை:
ஓட்டைக்கு பயப்பட வேண்டாம்ங்க, மாடிப்படி வழியா பிவிசி கேசிங்ல ஏத்திடலாம், பெயிண்ட் அடிச்சா கண்ணுக்கே தெரியாது. கரண்ட் வயர் போற பைப்புக்குள்ள மட்டும் நெட் கேபிளை நுழைக்க விடாதீங்க.

மதுரை_சிசாட்மின்:
கேபிள்காரன் சார் சொன்னது அத்தனையும் சரி, நான் செட்டிங்ஸ் பத்தி சொல்றேன், ஏன்னா நல்ல சாமான் வாங்கிட்டு பெட்டியில இருந்து எடுத்த மாதிரியே ஓட விடுற ஆபீஸ்தான் அதிகம். வைஃபையோட 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காத சேனல் 1, 6, 11 மூணுதான், மூணு ஆக்சஸ் பாயிண்டுக்கும் ஆளுக்கொண்ணா குடுத்து சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்ல வைங்க. 5 ஜிகாஹெர்ட்ஸ்ல நம்ம நாட்டுல 2018லயே நிறைய இடம் லைசென்ஸ் இல்லாம திறந்துவிட்டுட்டாங்க, அதனால சேனலுக்குப் பஞ்சமில்ல, ஆனா அகலம் 80 வேண்டாம், 40 போதும், உங்க நெட்டே 200தானே. பவரையும் ஹைல வைக்காம மீடியத்துக்கு இறக்குங்க, இல்லாட்டி மேல ஏறிப் போனவர் போன் கீழ இருக்கறதையே பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கும். மூணுக்கும் பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணா இருக்கட்டும்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஆக்சஸ் பாயிண்டை தற்காலிகமா ஒரு ஸ்டூல் மேல நிக்க வச்சு, மீட்டிங் ரூம் கதவைச் சாத்திட்டு போன்ல வைஃபை அனலைசர் ஆப்ல பாருங்க, சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் இல்லாட்டி அதைவிட நல்லா (சைபர்கிட்ட நெருங்க நெருங்க நல்லது) வந்தா கால் நிக்காது. கண்ணாடித் தடுப்பு, இரும்பு பீரோ இதெல்லாம் சிக்னலைக் குறைக்குதான்னு அப்பவே தெரிஞ்சுரும்.

பார்கோடு பிரிண்டர் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் எடுக்கும், டபிள்யூபிஏ3ங்கற புது பாதுகாப்பு முறையும் பழசுக்குத் தெரியாது, அதுக்கு முந்தைய டபிள்யூபிஏ2ல தனிப் பேரு குடுங்க. டேலி சிஸ்டம், அதை ஓப்பன் பண்ற அக்கவுண்ட்ஸ் மெஷின், சிசிடிவி எல்லாம் வயர்லயே இருக்கட்டும். வர்ற பையருக்கு கெஸ்ட் நெட்வொர்க் தனியா, அதுல இருந்து உங்க டேலிக்கு வழி இருக்கக் கூடாது.

பிராண்டுன்னா ஓமாடா, யூனிஃபை, அருபா இன்ஸ்டன்ட் ஆன் மூணும் இந்த சைஸுக்கு நல்லாவே ஓடும், மாசாமாசம் லைசென்ஸ் கட்டாமலே நடத்தலாம். வைஃபை 6 மாடல் போதும். கலந்து மட்டும் வாங்காதீங்க, எல்லாம் ஒரே கம்பெனியா இருந்தாத்தான் ஒரே இடத்துல இருந்து பார்க்க முடியும். உங்க பட்ஜெட்டுக்கு எனக்கு ஓமாடாதான் தோணுது. சுவிட்ச் வாங்குறப்ப ஆக்சஸ் பாயிண்ட் பிஓஇல ஏஎஃப் ரகம் கேக்குதா ஏடி ரகம் கேக்குதான்னு பாருங்க, ஏஎஃப் 15.4 வாட், ஏடி 30 வாட். சுவிட்ச்சோட மொத்த வாட்டையும் கூட்டிப் பார்த்துட்டு எடுங்க.

பனியன்ஊர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஓனர்கிட்ட பேசிட்டேன், கேசிங்னா சரின்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணு, பழைய ரூட்டரை கழட்டணுமா?

மதுரை_சிசாட்மின்:
கழட்ட வேண்டாம் சார், ஃபைபர் வந்து இறங்குறதே அதுலதான். அதுல வைஃபையை மட்டும் ஆஃப் பண்ணிருங்க. கெஸ்ட்டைப் பிரிக்க சொந்தமா ரூட்டர் வாங்குறதா இருந்தா, நெட் கம்பெனிக்கு போன் போட்டு பழைய ரூட்டரை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டுட்டு நெட்டை மட்டும் கடத்தி விடுற மாதிரி, மாத்தித் தரச் சொல்லுங்க, கனெக்ஷனோட யூசர் நேம் பாஸ்வேர்டையும் அப்பவே கேட்டு வாங்கி எழுதி வச்சுக்கங்க.