ஒன்றரை லட்சத்துக்கு ஒரு ரிவோல்வர்

குரூப்: அம்மாயி வீடு

ஹட்டன் மாமா: எல்லாரும் முழிச்சிதான் இருக்கீங்களா, ஒரு விசயம் கேக்கணும்

ஹட்டன் மாமா: ஒரு ஆளு மூலமா ரிவோல்வர் ஒன்னு வந்திருக்கு, பழசுதான், 38 ரகம், ஆறு தோட்டா போடுறது, முந்தி ஒரு தொரைகிட்ட இருந்ததாம், ஒன்றரை லட்சம் சொல்றாங்க. வாங்கிருவமான்னு யோசிக்கிறேன்

அம்மா: என்னா தம்பி சொல்ற??

ஹட்டன் மாமா: வேற என்னா செய்யிறது அக்கா, போன மாசம் கடைய பூட்டிட்டு வாறப்ப படிக்கட்டுல தள்ளிவிட்டு கழுத்துல கத்திய வச்சானுங்க, அன்னைக்கி வசூல் பூராவும் போச்சி, 119க்கு அடிச்சி பொலிஸ் வந்து சேர்றதுக்குள்ள அவனுங்க எந்தப் பக்கம் எறங்கி ஓடுனானுங்கன்னே தெரியல. இன்னைக்கி வரைக்கும் ஒருத்தனும் மாட்டல. வீட்டுல இவ ராத்திரி நாய் கொலச்சாலே எந்திரிச்சி ஒக்காந்துக்கிறா

பெரியப்பா: மாப்ள, லைசன் யாரு பேர்ல இருக்கு

ஹட்டன் மாமா: அந்த தொரை பேர்ல பழைய பேப்பர் இருக்காம் மச்சான். அவரு செத்து ரொம்ப வருசம்

பெரியப்பா: அந்தப் பேப்பர் ஒனக்கு எதுக்கும் ஒதவாது. லைசன் குடுக்குறது ஆளுக்கு, அதுவும் வருசா வருசம் புதுப்பிக்கணும். மோட்டார் சைக்கிள் மாதிரி புத்தகத்த கைமாத்தி வாங்குற சாமான் இல்ல இது. காட்டுப்பன்னி வெரட்ட குடுக்குற துவக்குன்னா கச்சேரில, அதான் மாவட்டச் செயலகத்துல கேக்கலாம், ரிவோல்வர் உயிர் பாதுகாப்புக்குன்னு பாதுகாப்பு அமைச்சுதான் குடுக்கணும், ஒனக்கு உண்மையிலயே ஆபத்து இருக்கான்னு பாத்துத்தான் குடுப்பாங்க

அண்ணே: ஆமா மாமா, 2024 நவம்பர்ல பாதுகாப்புக்குன்னு லைசனோட வச்சிருந்தவங்க எல்லாரையும் துவக்க கொண்டாந்து ஒப்படைக்க சொன்னாங்களே, திரும்ப பரிசீலிக்கணும்னு. முறையா வாங்குனவங்களுக்கே அப்படின்னா லைசனே இல்லாம வச்சிருந்தா? துவக்கு சட்டம் 1916லேர்ந்து இருக்கு, 96ல அத திருத்தி தண்டனைய இன்னும் கூட்டுனாங்க. மாட்டுனா ஜெயில் மாமா

பெரியப்பா: அத கையில வாங்கி பாத்தியா

ஹட்டன் மாமா: பாத்தேன் மச்சான்

ஹட்டன் மாமா: பொய் சொல்லல, கையில இருந்தப்ப ஒரு மாசத்துக்கு பொறகு பயமில்லாம நின்னேன்

பெரியப்பா: தெரியும் மாப்ள. 22 வருசம் நானும் இடுப்புல கட்டிக்கிட்டு டியூட்டி பாத்தவன், அது குடுக்குற தைரியம் எனக்கு நல்லா தெரியும். ஆனா நீ வாங்கப்போற சாமானால முந்தி யார சுட்டாங்கன்னு ஒனக்கு தெரியுமா? சுட்ட ரவையில குழலோட கீறல் விழும், அத வச்சி இந்த துவக்குலேர்ந்துதான் பாஞ்சதுன்னு அரசாங்க பகுப்பாய்வாளர் கண்டுபுடிச்சிருவாரு. எவனோ செஞ்ச கொலைக்கு நீ கூண்டுல ஏறி நிக்கணும். அது ஒன்னு. அடுத்தது, பழைய ரிவோல்வர் தேஞ்சி போயிருந்தா தோட்டா இருக்குற அறை குழலுக்கு நேரா வந்து நிக்காது, சுட்டா ஈயம் பக்கவாட்டுல செதறி சுடுறவனுக்கே காயம் படலாம். தோட்டாவும் லைசன் இல்லாம கடையில எடுக்க முடியாது, அந்தாளு குடுக்குற ஆறும் எந்தக் காலத்துதோ

அத்தை: நான் ஒன்னு சொல்றேன் யாரும் கோவிச்சிக்காதீங்க. பயத்துல தூங்காம கெடக்குறவ நான்தான். ஆனா நம்ம சின்னவனுக்கு ஏழு வயசு, அலுமாரி சாவி எங்க தொங்குதுன்னு அவனுக்கு தெரியும், மேல தகரத்துல ஒளிச்சி வச்ச பிஸ்கட்டையே ஸ்டூல் போட்டு எடுக்குறவன். அது வீட்டுக்குள்ள வந்தா நான் பகல்லயும் தூங்க மாட்டேன்

ஹட்டன் மாமா: பூட்டித்தான் வைப்பேன்

பெரியப்பா: பூட்டி வச்சா படிக்கட்டுல அவன் கத்திய வைக்கிறப்ப ஒனக்கு எப்படி கெடைக்கும்? இடுப்புல வச்சாலும் இருட்டுல பின்னால வந்து தள்ளுறவன் முந்திக்கிட்டு அதையே உருவிக்குவான். முக்கால்வாசி ரிவோல்வர்ல தனியா லொக் கூட இருக்காது, விசைய இழுத்தா பாஞ்சிரும்

அண்ணே: நம்மள காப்பாத்திக்க உரிமை இருக்கு மாமா, தண்டனை சட்டத்துலயே இருக்கு. ஆனா தேவைக்கு மேல காயப்படுத்தக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. காச எடுத்துக்கிட்டு ஓடுறவன முதுகுல சுட்டா கேஸ் ஒங்க மேலதான்

நான்: அம்மாயி பேசி அனுப்ப சொன்னாங்க, வொய்ஸ் வரல, டைப் பண்றேன். "ராசா, 77 கலவரத்துல நம்ம லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சப்ப ஒங்கக்காவ இடுப்புல தூக்கிக்கிட்டு தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தேன், ஒங்கப்பா கையில கவ்வாத்து கத்தி இருந்துச்சி, அதையும் கீழ போட சொல்லி கையெடுத்து கும்பிட்டேன். அவரு போட்டாரு. அதுனாலதான் நீ பொறந்த. எனக்கு கடையும் வேணாம் காசும் வேணாம், நீ வேணும்"

(பத்து நிமிசமா யாரும் ஒன்னும் போடல)

அம்மா: தம்பி இருக்கியா

ஹட்டன் மாமா: இருக்கேன் அக்கா

ஹட்டன் மாமா: அந்த ஆளுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்

பெரியப்பா: நல்லது மாப்ள. நாளைக்கி வாறேன், ஸ்டேசன்ல பழைய முறைப்பாடு என்னாச்சின்னு ரெண்டு பேருமா போயி கேப்போம்

அண்ணே: வசூல இருட்டுறதுக்கு முன்னுக்கே பேங்க் மெசின்ல போட்டுருங்க மாமா, ராத்திரி கையில ஒன்னும் இருக்கக் கூடாது. சனிக்கெழமை நான் வந்து படிக்கட்டுக்கு லைட்டும் கெமராவும் மாட்டித் தாறேன்

அத்தை: நாளைக்கி ஏழு மணிக்கு நானும் கடைக்கி வந்துர்றேன். ஒன்னா பூட்டிட்டு மேல் ரோட்டால ஆட்டோவுல வருவோம்