கசெட்டில் மிஞ்சிய அறிவிப்பாளர் குரல்கள்: மலையகத்திலிருந்து சில அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

பழைய கசெட் கொண்டுவருகிறவர்கள் "வெறும் பாட்டுத்தான் இருக்கு" என்பார்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவும் ராஜேஸ்வரி சண்முகமும் பி.எச்.அப்துல் ஹமீதும் பாட்டுகளுக்கு நடுவே பேசியதுதான் கிடைக்காது. வானொலியிலிருந்து பாட்டுப் பதிந்தவர்கள் அறிவிப்பாளர் வாய் திறந்ததும் 'போஸ்' பொத்தானை அமுக்கிவிடுவார்கள். பாட்டின் தலையிலும் வாலிலும் ஒட்டிய இரண்டு மூன்று விநாடிதான் மிச்சம். அதனால் கசெட்டைக் கணினிக் கோப்பாக மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் கடைசி அங்குலம்வரை ஓட்டிக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் முதல் எதிரி பூஞ்சணம். கசெட்டின் ஜன்னலில் டோர்ச் அடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளை நூல் படர்ந்திருந்தால் டெக்கில் (கசெட் ஓட்டும் கருவியில்) போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். ஈரப் பூஞ்சணம் துடைத்தால் அப்பிக்கொள்ளும். காய்ந்தது தூளாக உதிரும். முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு ஸ்க்ரூ போட்ட வேறு கசெட் கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு பழைய கூட்டில் உதிர்ந்திருந்தாலும் இதோடு சரியாகிவிடும்.

தலவாக்கலையிலிருந்து:

அண்ணே, சிலிக்கா ஜெல் இல்லாவிட்டால் அரிசிக்குள் புதைக்கலாமா?

ஹட்டனிலிருந்து:

வேண்டாம் தம்பி. தவிட்டுத் தூசி உள்ளே போகும். அடுப்புக்கு மேல் பரணிலும் வைக்காதீர்கள். கூடு நெளியும், கரி படியும்.

பண்டாரவளையிலிருந்து:

ஓட்டுவதற்கு முன் ஹெட்டின் சாய்வைச் சரிபாருங்கள். ஹெட்டின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்பிரிங் உள்ளதை மட்டும் கடிகாரத் திருப்புளியால் மயிரிழை அளவு திருப்ப வேண்டும். இரண்டு சனலையும் மோனோவாகச் சேர்த்து, பாட்டை விட்டுவிட்டுப் பேச்சைக் கேளுங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கிக் கிடந்து, ஒரு இடத்தில் பளிச்சென்று திறக்கும். அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் பதிந்த செட் வேறு வேறு. டெக்கின் டொல்பி இரைச்சல் குறைப்பு வேண்டாம்.

அடுத்தது வேகம். கரண்ட் இல்லாத லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெட்டரியில் பதிந்தவை நிறைய. பெட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். அந்த நாடாவை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று விரையும். கரண்டில் பதிந்ததென்றால் அடியில் ரீங்காரம் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின் அலைவரிசைப் படத்தில் அது 51.5-இல் நின்றால் நாடா 3 சதவீதம் வேகம். சரியாக 50-இல் இன்னொரு கோடு தெரிந்தால் அது உங்கள் டெக்கின் சொந்த இரைச்சல், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெட்டரிப் பதிவில் ரீங்காரம் கிடைக்காது. அங்கே அதே பாட்டின் நல்ல பிரதியோடு சுருதி ஒப்பிடுவதுதான் வழி. தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். பாட்டை வெட்டியெறியக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தலவாக்கலையிலிருந்து:

கோப்பு விஷயம்: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பு. ஸ்டீரியோவாக எடுத்தால் 60 நிமிடக் கசெட்டுக்கு ஏறக்குறைய 1 ஜீபி. ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பிடியுங்கள். மூலக் கோப்பில் வேகத்தைத் திருத்தவோ இரைச்சலை நீக்கவோ கூடாது, பிரதியில் செய்யுங்கள். இரைச்சல் நீக்கி மத்திய அலைப் பதிவின் கரகரப்போடு அறிவிப்பாளரின் மூச்சையும் தின்றுவிடும். பிறகு கே.எஸ்.ராஜாவின் அந்த வேகப் பேச்சு எங்கே மூச்செடுத்து வந்தது என்றே தெரியாது.

விளம்பரத்தையும் வைத்திருங்கள். உறையில் தேதி இல்லாத கசெட்டுக்கு ஒரு தியேட்டர் விளம்பரம் போதும், படம் வெளியான ஆண்டுக்கு முந்திய பதிவு அல்ல என்று எழுதிவைக்கலாம். இந்தியாவில் வந்த படம் இங்கே தாமதமாகவும் ஓடியிருக்கும் என்பதால் அதற்கு மேல் உறுதியாக எழுத வேண்டாம்.