லீத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது?

நண்பர்களுக்கு வணக்கம். இன்று ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் துறைமுகப் பகுதியாக உள்ள லீத், 1920ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக இருந்தது. வாக்கெடுப்பில் பெருவாரியானோர் எதிர்த்தும் எடின்பரோவுடன் இணைக்கப்பட்டது. பழைய எல்லையான பில்ரிக்கில், எடின்பரோவின் கம்பிவட டிராமிலிருந்து இறங்கி லீத்தின் மின்சார டிராமில் மாறி ஏறும் தொல்லை இணைப்புக்குப் பின்னரும் 1922 வரை நீடித்தது. இன்றும் தம்மை லீத்காரர் என்றே சொல்லிக்கொள்பவர்கள் அங்கு உண்டு என்பதால், எழுதவிருக்கும் கட்டுரைக்கு அவர்கள் மனத்திலுள்ள எல்லைக்கோட்டை அறிய விரும்புகிறேன். அங்கு வசிக்கும், அல்லது படித்த உறுப்பினர்கள் உதவ வேண்டும்: லீத் வாக் சாலையில் எந்த இடத்தைத் தாண்டினால் லீத் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்? ஈஸ்டர் ரோடு கால்பந்து மைதானத்தை எந்தப் பக்கம் சேர்க்கிறார்கள்? வீட்டுத் தரகர்கள் சொல்லும் எல்லையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது வாடகைக்கேற்ப நகரக்கூடியது.