ஹீட் பம்ப் டிசம்பரில் ஓடியது, பில்லில் ஜனவரி தேதி: வரிச்சலுகை கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பழைய கேஸ் ஃபர்னஸை எடுத்துவிட்டு, டக்ட் (காற்றுக்குழாய்) வழியாக ஓடும் 3 டன் திறனுள்ள ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) போட்டோம். செலவு 14,200 டாலர். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 25சி பிரிவில் செலவில் 30 சதவீதம் வரிச்சலுகை, உச்சவரம்பு 2,000 டாலர் என்பது தெரியும். ஆனால் 2025 டிசம்பர் 31க்குள் பயன்பாட்டுக்கு வந்த கருவிக்குத்தான் அந்தச் சலுகை. எங்கள் சிக்கலே அந்தத் தேதிதான்.

டிசம்பர் 19 மாலை வேலை முடிந்து, அன்று இரவே வீடு சூடானது. தெர்மோஸ்டாட் செயலியில் அன்றிலிருந்து பதிவு இருக்கிறது, மின் கட்டணமும் அந்த மாதமே எகிறியது. ஆனால் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டிக்கர் ஒட்டியது ஜனவரி 8. ஒப்பந்தக்காரரின் இறுதி பில்லிலும் ஜனவரி தேதிதான்.

பில் தேதியை மாற்ற முடியாது என்று அவர் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். வேலை முடிந்த நாளை எழுதித் தரும்படி அவரிடம் கேட்ட கடிதம் இன்னும் வரவில்லை. வரி மென்பொருள் தொகையையும் தயாரிப்பாளரின் நான்கு எழுத்து அடையாளக் குறியீட்டையும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. குறியீடு கையில் இருக்கிறது. கணக்குப் பார்ப்பவரோ இன்ஸ்பெக்‌ஷன் தேதிதான் செல்லும் என்கிறார், ஆதாரம் காட்டவில்லை. இந்தச் சலுகையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளவும் முடியாது. விட்டால் போனதுதான்.

இந்தச் சலுகையைக் கோரும் வரிப் படிவம் 5695 நிரப்பி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: கருவி ஓடத் தொடங்கிய நாள் கணக்கா, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த நாள் கணக்கா?