மறுமொழி: ஜாக்கல், ஃபாக்ஸ் ரெண்டுக்கும் தனித்தனி சொல்

> ஃபாக்ஸ்னா நரி, ஜாக்கல்னா குள்ளநரி, கலைச்சொல் பட்டியல்ல இப்படியே இருக்கட்டுமே சார்

வணக்கம். இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நவி மும்பைல எங்க சொசைட்டி காம்பவுண்ட் தாண்டினா மேங்க்ரோவ் காடுதான், ராத்திரி பின்பக்க குப்பைத்தொட்டிகிட்ட ஒண்ணு வந்து போகுது, சிசிடிவி படத்தை தமிழ் குரூப்புல போட்டா ஒருத்தர் நரிங்கிறார், இன்னொருத்தர் குள்ளநரிங்கிறார், கடைசில பார்த்தா ரெண்டு பேரும் சொல்றது ஒரே மிருகத்தை. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் பார்த்ததுமே "கோல்ஹா, கோகட் இல்ல"ன்னு, அதாவது ஜாக்கல்தான், ஃபாக்ஸ் இல்லன்னு முடிச்சுட்டார். ஹிந்திலயும் கீதட் (ஜாக்கல்) வேற, லோம்டி (ஃபாக்ஸ்) வேற. நமக்கு மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

குள்ளம்னா உருவம் சின்னதுன்னுதானே அர்த்தம்? ரெண்டுல சின்னது ஃபாக்ஸ்தான். நம்மூர் இந்திய ஃபாக்ஸ் சுமார் 3 கிலோ வரும், பூனையைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ஜாக்கல் 8, 10 கிலோ இருக்கும். பெருசை குள்ளநரின்னும் சின்னதை நரின்னும் பட்டியல்ல போட்டா படிக்கிற பையன் என்ன பண்ணுவான்?

படத்துல இருக்கிறது ஜாக்கல்தான். வாலைப் பாருங்க, பின்னங்கால் முட்டி அளவுக்குத்தான் தொங்குது. ஃபாக்ஸ்னா உடம்பு நீளத்துல பாதிக்கு மேல வாலே இருக்கும், புசுபுசுன்னு. நுனி கறுப்பா இருக்கேன்னு மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க, ரெண்டுக்குமே கறுப்புதான், வெள்ளை நுனி இமயமலைப் பக்கமும் ராஜஸ்தான் பக்கமும் இருக்கிற ரெட் ஃபாக்ஸுக்கு. அப்புறம் ஃபாக்ஸுக்கு மூஞ்சி கூர், காது முகத்துக்குப் பொருந்தாத பெருசு. அது வறண்ட புல்வெளி, முள்ளுக்காட்டுல வளை தோண்டி இருக்கிற ஜீவன், இந்தக் கழிமுகச் சேத்துல அதுக்கு என்ன வேலை?

அதனால என் முன்மொழிவு: ஜாக்கல் = நரி, ஃபாக்ஸ் = குறுநரி. ஊர்ல "நரி ஊளையிடுது"ன்னு சொல்றது ஜாக்கலைத்தான், அதை மாத்தக் கூடாது. குறுநரி சங்கப் பாட்டுலயே இருக்கிற சொல், இன்னிக்கு பேச்சுல யாரும் புழங்கலை, அதனால ஒரு பொருளுக்குன்னு ஒதுக்கிக்கலாம். குள்ளநரித்தனம் பேச்சுல தாராளமா இருக்கட்டும், கலைச்சொல் பட்டியல்ல குள்ளநரி வேண்டாம்.

---

> ஜாக்கல் = நரி, ஃபாக்ஸ் = குறுநரி

எனக்கு சம்மதம். ஜாக்கலுக்கு ஓரின்னு, நரிக்கு இருக்கிற பழைய சொல்லையே போடலாம்னு நினைச்சிருந்தேன், ஆனா அது வல்வில் ஓரியைத்தான் ஞாபகப்படுத்தும், விட்டுடறேன். ஒரே கேள்வி, ரெட் ஃபாக்ஸை இப்ப எல்லாரும் செந்நரின்னு எழுதறோம், இந்தக் கணக்குல அது சிவப்பு ஜாக்கல்னு ஆயிடுமே?

---

ஆகும்க்கா, அதனால அதையும் செங்குறுநரின்னு மாத்தணும். வாய்க்குக் கொஞ்சம் நீளம்தான், ஆனா ஃபாக்ஸ் வகைன்னு சொல்லிலேயே தெரியும். பழைய செந்நரியை "காண்க: செங்குறுநரி"ன்னு பட்டியல்லயே விட்டு வைக்கலாம், தேடறவங்களுக்குக் கிடைக்கும்.