ஹோவர்ஃபிளை: மிதவை ஈயா, ஞாலீயா, அந்தர ஈயா?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். சிறுவர்களுக்கான பூச்சி நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதில் ஓர் இயல் முழுவதும் பிளெரா ஃபாலக்ஸ் என்னும் அரிய ஈயைப் பற்றியது. சிர்ஃபிடே குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் கரிய ஈயின் வயிற்று நுனி மட்டும் செம்மஞ்சளாக இருக்கும். ஸ்காண்டிநேவியாவிலும் இது உண்டு. பிரித்தானியாவிலோ ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே பகுதியில்தான் எஞ்சியிருக்கிறது. இக்குடும்பத்து ஈக்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஹோவர்ஃபிளை, அதாவது அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஈ, என்ற பெயரை 'மிதவை ஈ' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், "இது தண்ணீரில் மிதக்குமா?" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். வேளாண் மாணவர்களின் 'சிர்பிட் ஈ' பத்து வயதுக் குழந்தைக்கு எதையும் உணர்த்தாது. வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மெய்ப்புப் பார்த்தவர் கேட்டது முறையே. மிதவை என்றால் தெப்பம். போதாக்குறைக்குப் பாடநூல்களில் மிதவை உயிரி என்று கடலின் நுண்ணுயிர்களைக் குறித்துவிட்டோம். நம்மிடம் ஞாலுதல் என்றொரு வினை சும்மா கிடக்கிறது. தொங்குதல் என்பது அதன் பொருள். ஞாலம் என்ற சொல்லே வெளியில் தொங்குவது என்ற கருத்தில் பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கூறுவர். உலகமே ஞாலும்போது ஓர் ஈ ஞாலக்கூடாதா? ஞால் + ஈ = ஞாலீ. தேனீயைப் போலவே நாவில் நிற்கும்.

பூச்சியியல் மாணவி:

ஐயா, ஞாலீ என்பதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கேட்ட நால்வரில் மூவர் நான்கு ஈக்கள் என்று விளங்கிக்கொண்டார்கள். பொருளிலும் எனக்கு ஐயம் இருக்கிறது. தொங்குவதற்கு மேலே ஒரு பிடிமானம் வேண்டும். இந்த ஈக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. பூவுக்கு ஒரு சாண் தள்ளி, சிறகு வெறும் புகையாகத் தெரிய, உடல் அசையாமல் நிற்கும். கையை நீட்டினால் ஒரு முழம் விலகி மறுபடி அப்படியே நிற்கும்.

வேறொரு சிக்கலும் உண்டு. அந்தரத்தில் நிற்பது சிர்ஃபிடே குடும்பத்துக்கு மட்டும் உரிய பண்பன்று. பாம்பிலிடே குடும்பத்து ஈக்களும் அவ்வாறு நிற்கும். சிர்ஃபிடேயை அடையாளம் காட்டுவது சிறகில் ஓடும் ஒரு கோடு. உருப்பெருக்கியில் பார்த்தால் நரம்பைப் போலவே தோன்றும். ஆனால் எந்த நரம்போடும் இணையாமல், இரு முனையும் வெறுமனே மங்கி முடிந்துவிடும். நரம்பன்று, சவ்வின் தடிப்பு மட்டுமே. ஆகவே 'பொய்நரம்பு ஈ' என்று வைக்கலாமே!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மூவரின் செவிக்குறைக்கு ஞாலீ பொறுப்பாகாது, அம்மா. பொய்நரம்பு என்பதை மட்டும் ஏற்கிறேன். சிலர் போலி நரம்பு என்று எழுதக்கூடும், அது பிழை. இலக்கணத்தில் போலி என்றால் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் இடத்தில் நின்றும் பொருள் மாறாமை, பந்தல் பந்தர் ஆவதுபோல. இந்தக் கோடு எந்த நரம்பின் இடத்திலும் நிற்கவில்லை. இக்குடும்பத்தில் தேனீ, குளவி வேடமிடும் ஈக்களைப் போலி எனலாம் என்றாலும், அங்கே கடைப்போலியைப் போல் பொருள் மாறாதிருக்கவில்லை, கொடுக்கு காணாமற்போகிறது! உயிரினங்களுக்கு அறிவியற்பெயர் இட்ட லின்னேயஸ், 1758-இல் உங்கள் நூலின் ஈக்கு இட்ட ஃபாலக்ஸ் என்ற பெயருக்கு ஏமாற்றுவது என்பதே பொருள். தும்பி என்ற பழஞ்சொல்லையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் 'அஞ்சிறைத் தும்பி' வருகிறதல்லவா?

பூச்சியியல் மாணவி:

குறுந்தொகைத் தும்பி தேன் தேடும் வண்டு. இன்றைய குழந்தைக்குத் தும்பி என்றால் தட்டான். அதற்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டுதான். ஈயின் பின்சிறகுகள் குறுகி, பறக்கையில் சமநிலை காக்கும் குமிழ்க்காம்புகளாகிவிட்டன. எனவே பெயரின் கடைசியில் ஈ கட்டாயம் நிற்கவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

இருவருக்கும் நன்றி. பொய்நரம்பை நூலின் படவிளக்கத்தில் சேர்த்துவிட்டேன், ஆனால் தலைப்பில் வைத்தால் குழந்தை உருப்பெருக்கி இல்லாமல் இந்த ஈயைத் தேடவே முடியாது. எஞ்சிய குழப்பம் பிளெரா ஃபாலக்ஸின் புழு வாழும் மரத்தின் பெயரில் வந்தது. பைன் என்பதற்குத் தேவதாரு என்று எழுத ஒருவர் தனிமடலில் வற்புறுத்தினார். தேவதாரு வேறு மரம் என்பதால் பைன் என்றே விட்டேன். அம்மரத்தின் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, ஒருவகைப் பூஞ்சை அரித்து மென்மையாக்க, வெட்டிய அடிக்கட்டையின் குழியில் மழைநீர் தேங்கும்; அந்தச் சகதியில் நுண்ணுயிர்களை உண்டு இதன் புழு வளரும். முதிய மரங்களும் அடிக்கட்டைகளும் அருகியதால் இனமே ஒடுங்கியது. கட்டைகளில் செயற்கையாகக் குழி தோண்டி, மரச்சீவலும் நீரும் நிரப்பிக் கொடுத்ததை ஈக்கள் ஏற்றுக்கொண்டன. பின்னர் ஹைலண்ட் வனவிலங்குப் பூங்காவில் வளர்த்தவற்றைக் காட்டுக்குள் விட்டார்கள். இதைச் சொல்லும் பக்கத்தில் லார்வாவை 'இளவுயிரி' என்று எழுதினால் சகதியின் வாடையே போய்விடுகிறது. அதனால் புழுவுக்குப் புழு என்றே வைத்துவிட்டேன்.

ஈக்குப் பெயர்: அந்தர ஈ. இதுவரை கருத்துச் சொன்ன ஏழு பேரில் ஐவர் இதற்கு இசைந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் "இனி எதுவானாலும் சரி" என்றுதான் எழுதினார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அந்தரம் வடசொல். எண்ணிக்கையில் தோற்றதை ஏற்கிறேன், சொல்லில் அன்று. அடுத்த பதிப்பு வருமானால் ஞாலீயைச் சொல்லடைவிலாவது சேருங்கள். ஞகரத்தை ஒலிக்கும் முறையையும் எழுதித் தருகிறேன்.